மங்கிய வெளிச்சத்தில் ஒரு வாசிப்பு

என் இடது கண்ணில் கிளகோமா இருக்கிறது என்று 2016இல் சொன்னார்கள். கண்ணுக்குள் அமுக்கம் கூடி, பார்வை நரம்பு மெல்ல மெல்லச் செத்துப்போகிற வருத்தம் அது. அடுத்த இரண்டு வருடத்தில் வலது கண்ணும் அதே வழியில் போயிற்று. பக்கத்தின் நடுவில் நாலைந்து சொல் தெரியும். வரியின் தொடக்கத்தைப் பிடித்தால் முடிவு நழுவிவிடும். கொழும்பில் இலங்கை வானொலியின் தமிழ் நாடகங்களில் ஏழு வருடம் குரல் கொடுத்தவள் நான். 83இல் புறப்பட்டு லண்டன் வந்த பிறகு மைக்குக்கு முன்னால் நிற்கவே இல்லை. ஆனால் காது அந்தத் தொழிலை மறக்கவில்லை. கண் பின்வாங்கியபோது காதுதான் என்னை ஏந்திக்கொண்டது.

ஜேம்ஸ் ஜாய்ஸின் யுலிசிஸ் நாவலை மூன்று தரம் தொடங்கி மூன்று தரமும் கைவிட்டிருக்கிறேன். சாரிங் குறொஸ் வீதியில் ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கிய பிரதி. மூன்றாம் அத்தியாயத்தில் ஸ்டீபன் என்ற இளைஞன் டப்ளின் கடற்கரையில் கண்ணை மூடிக்கொண்டு நடப்பான். சரியாக அந்த இடத்தில் என் வாசிப்பு நின்றுவிடும். ஒன்றும் விளங்காது. புத்தகம் அலுமாரிக்குத் திரும்பிவிடும்.

2018இல் எங்கள் பகுதி நூலகத்தில் ஒரு தடித்த பெட்டி கிடைத்தது. நக்ஸோஸ் நிறுவனம் 2004இல் வெளியிட்ட யுலிசிஸ் ஒலிநூல். ஒரு சொல்லும் குறைக்காமல் 22 குறுந்தட்டுகள், 27 மணித்தியாலம். ஜிம் நோர்ட்டன் என்ற டப்ளின் நடிகர் வாசிக்கிறார். நாவலின் நாயகன் புளூமின் மனைவி மொலி பேசுகிற கடைசி அத்தியாயம் மட்டும் மார்செல்லா ரியோர்டனின் குரல். நெறிப்படுத்திய ரொஜர் மார்ஷ் ஓர் இசையமைப்பாளர். அந்தப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, நேரே அந்த மூன்றாம் அத்தியாயத்தைப் போட்டேன். ஸ்டீபன் கண்ணை மூடுகிறான். காலடியில் சிப்பி நொறுங்குகிற சத்தத்தைக் கேட்டபடி நடக்கிறான். அந்த வாக்கியம் இரண்டு காலால் நடக்கிறது என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. நாங்கள் கொழும்புக் கலையகத்தில் சரளைக்கல் நிரப்பிய பெட்டியில் மிதித்து நடை காட்டுவோம், குதிரைக்குச் சிரட்டை. அந்த இரண்டும் இல்லாமல், வெறும் சொல்லைக் கொண்டே காலடி ஓசையை எழுதிவைத்திருக்கிறார் மனிதர். இவ்வளவு காலமும் நான் அதைக் கண்ணால் கேட்கப் பார்த்திருக்கிறேன்.

அன்றிலிருந்து இந்த வரலாற்றை நான் தேடத் தொடங்கினேன். அயர்லாந்தின் நவீன எழுத்தைக் குரலில் ஏற்றியவர்களின் வரலாறு. அது வானொலிக்கு முன்பே தொடங்குகிறது. அதன் தொடக்கத்தில் நிற்கிற ஒரு பெண்ணின் வழி, எங்கள் ஊரில் வந்து முடிகிறது.

கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸுக்கு இராகம் பிடிக்கத் தெரியாது. ஒரு சுரத்தை இன்னொன்றிலிருந்து பிரித்தறிய மாட்டார் என்று அவருடைய நண்பர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் கவிதையை அச்சில் மட்டும் வாசிக்கிற பழக்கத்தை அவர் வாழ்நாள் முழுக்க எதிர்த்தார். பேச்சும் இல்லாமல் பாட்டும் இல்லாமல், இரண்டுக்கும் நடுவே ஓரிடத்தில் கவிதையைச் சொல்லவேண்டும் என்பது அவர் பிடிவாதம். அதைச் செய்து காட்டியவர் புளோரன்ஸ் ஃபார் என்ற ஆங்கில நடிகை. யேட்ஸின் நாடகத்தையும் பெர்னாட் ஷோவின் நாடகத்தையும் 1894இல் லண்டனில் ஒரே பருவத்தில் மேடையேற்றியவர். 1901இல் ஆர்னல்ட் டொல்மெச் என்ற பழைய வாத்தியங்களின் வினைஞர் அவருக்கென்று ஒரு சால்ட்டரி செய்து கொடுத்தார். மடியில் வைத்து விரலால் மீட்டுகிற நரம்புக் கருவி. பேச்சுக் குரல் ஏறி இறங்கக்கூடிய எல்லைக்குள் ஒவ்வோர் அரைச் சுரத்துக்கும் ஒரு நரம்பு. ஃபார் நரம்பைத் தட்டி, அந்தச் சுரத்தில் நின்று வரியைச் சொல்வார். யேட்ஸ் பக்கத்தில் நின்று விளக்கவுரை செய்வார். இருவரும் இப்படி ஊர் ஊராகப் போனார்கள்.

அதே ஃபார், இலங்கைத் தமிழ்த் தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதனை லண்டனில் சந்தித்திருந்தார். யாழ்ப்பாணத்தில் சைவப் பெண்பிள்ளைகளுக்கு ஒரு கல்லூரி கட்டப்போகிறார் என்று அறிந்து, 1912இல் தன்னிடம் இருந்ததை விற்றுவிட்டுக் கப்பல் ஏறினார். 1913இல் திறக்கப்பட்ட இராமநாதன் கல்லூரிக்குத் தலைமை ஆசிரியையானார். 1917 ஏப்ரலில் மார்புப் புற்றுநோயால் கொழும்பு வைத்தியசாலை ஒன்றில் இறந்தார். தகனம் செய்த சாம்பலை இராமநாதனே களனி ஆற்றில் கரைத்தார்.

எங்கள் வீடு சுன்னாகத்தில். மருதனார்மடத்துச் சந்தியில் பஸ் நிற்கும்போதெல்லாம் அந்தக் கல்லூரி மதிலைப் பார்த்திருக்கிறேன். யேட்ஸின் கவிதைக்கு முதன்முதலாகக் குரல் கொடுத்த பெண் அந்த மதிலுக்கு உள்ளே நடந்து திரிந்தவர் என்பதை அறுபது வயதுக்குப் பிறகு, லண்டனில் ஒரு வாழ்க்கை வரலாற்று நூலைக் கேட்டுக்கொண்டிருந்தபோது அறிந்தேன். ஒலிப்பெட்டியை நிறுத்திவிட்டுக் கனநேரம் இருந்தேன்.

யேட்ஸின் குரல் எங்களுக்கு மிஞ்சியிருக்கிறது. 1931 செப்டம்பரில் பெல்ஃபாஸ்ட் நிலையத்திலிருந்து பிபிசியில் முதல் தடவை பேசினார். 1937 வரை அவ்வப்போது ஒலிபரப்பினார். அதில் சில பதிவுகளே தப்பின. ஏரித்தீவைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற சின்னக் கவிதை அதிலொன்று. தொடங்குமுன், இதைக் கவிதையாக்க நான் பட்டபாடு கொஞ்சமல்ல, ஆகவே வசனம் போல வாசிக்கமாட்டேன் என்ற பொருள்பட எச்சரிக்கிறார். பிறகு ஒவ்வோர் உயிரெழுத்தையும் இழுத்து, ஓதுவது போலச் சொல்கிறார். என் மகள் அதைக் கேட்டுவிட்டு, “ஏனம்மா இந்த மனுசன் அழுகிறார்?” என்றாள். எனக்கோ அம்மப்பாவின் குரல் வந்து நின்றது. கோயிலில் கந்தபுராண படனம் நடக்கும்போது ஒருவர் செய்யுளை இராகத்தோடு இழுத்து வாசிக்க, பக்கத்தில் இருப்பவர் பயன் சொல்லுவார். அம்மப்பா வாசிக்கிறவர். சொல்லுக்குச் சொல் அவர் கொடுக்கிற அந்த நீட்டத்தில்தான் பாட்டின் சீர் எங்களுக்குக் காதில் ஏறியது. யேட்ஸ் சொன்ன முறை அயர்லாந்தில் பிறகு வந்த வாசிப்பாளர்கள் பலருக்குப் பழசாகிப் போனது. எனக்கு அது மிகச் சரியான வாசிப்பு.

ஜாய்ஸின் கதை வேறு. அவர் பாடகர். 1904இல் டப்ளினில் நடந்த ஃபெஷ் கியோல் இசைப்போட்டியில் டெனர் குரலுக்கு வெண்கலப் பதக்கம் வாங்கியவர். முன்பின் பாராத இசைக்குறிப்பைப் பார்த்துப் பாடச் சொன்ன கட்டத்தில் மறுத்துவிட்டதால் அதற்கு மேல் போகவில்லை. யுலிசிஸ் 1922 பெப்ரவரி 2இல், அவருடைய நாற்பதாவது பிறந்தநாளில், பாரிஸில் வெளிவந்தது. பதிப்பித்தவர் சில்வியா பீச், ஒரு புத்தகக்கடைக்காரி. 1924இல் அந்த நாவலிலிருந்து ஒரு பகுதியை ஜாய்ஸின் குரலில் இசைத்தட்டாக்க வேண்டும் என்று ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸின் பாரிஸ் அலுவலகத்துக்குப் போனவரும் அவரே. அங்கே பதிவுக்குப் பொறுப்பாக இருந்த பியரோ கொப்பலா, இசையைத் தவிர வேறு தட்டுக்கு விலை போகாது என்றார். ஒலிப்பதிவு செய்து தருவோம், செலவு உங்களுடையது, எங்கள் விலைப்பட்டியலில் அது வராது என்று பேசி முடித்தார்கள். 30 தட்டுகள்.

பில்லான்கூரில் இருந்த தொழிற்சாலைக்குப் பீச் அவரை டாக்சியில் கூட்டிக்கொண்டு போன அன்று ஜாய்ஸுக்குக் கண்வலி, அதோடு பதற்றம். கொப்பலாவோடு இத்தாலிய மொழியில் இசையைப் பற்றிக் கதைத்த பிறகுதான் கொஞ்சம் தெளிந்தார். முதல் முயற்சி பிழைத்துப்போயிற்று. பிறகு திரும்பப் போய்ப் பதிந்தார்கள். இதை ஒரு தொழில்காரியாக நினைத்துப் பார்க்கிறேன். 1924இல் மின்சார மைக் இசைத்தட்டுத் தொழிலுக்கு வரவில்லை. ஒரு பெரிய கூம்புக் குழலுக்குள் வாயைக் கொடுத்துக் கத்தவேண்டும். அந்த அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறும். மெதுவாகச் சொன்னால் ஒன்றும் பதியாது. ஒரு தடவை தடக்கினால் மெழுகுத் தட்டு முழுவதும் வீண். அதனால்தான் அந்தத் தட்டில் ஜாய்ஸ் ஒரு கூட்டத்தைப் பார்த்து முழங்குகிறார். அவர் தெரிந்தெடுத்த பகுதியும் அதற்குப் பொருந்தியது. பத்திரிகை அலுவலக அத்தியாயத்தில், ஜோன் எஃப். டெய்லர் என்ற வழக்கறிஞர் ஐரிஷ் மொழிக்காக 1901இல் ஆற்றிய சொற்பொழிவை ஒருவர் நினைவிலிருந்து சொல்லிக் காட்டுவார். மோசேயையும் எகிப்தியப் பூசாரியையும் உவமை காட்டிய பேச்சு. யாரோ பேசியதை யாரோ சொல்லிக்காட்ட, அதை எழுதியவர் தன் வாயால் மறுபடி பேசுகிறார்.

ஐந்து வருடம் கழித்து வந்த பதிவுதான் என் நெஞ்சுக்கு நெருக்கமானது. 1929 ஓகஸ்டில், இங்கிலாந்தில், சி. கே. ஒக்டன் என்ற மொழியறிஞர் ஏற்பாடு செய்தது. அப்போது ஜாய்ஸ் எழுதிக்கொண்டிருந்த ஃபின்னெகன்ஸ் வேக் நூலிலிருந்து ஆனா லிவியா பகுதியின் கடைசிப் பக்கங்கள். லிஃபி ஆற்றின் இரு கரையிலும் இரண்டு சலவைப் பெண்கள் அழுக்குத் துணியை அடித்துக்கொண்டு அந்த ஆற்றுப் பெண்ணின் கதையைக் கதைக்கிறார்கள். நூற்றுக்கணக்கான ஆறுகளின் பெயர்கள் அந்தக் கதைக்குள் கரைந்து கிடக்கின்றன. பொழுது சாய்கிறது, ஆறு அகலிக்கிறது. ஒருத்தி சொல்வது மற்றவளுக்குக் கேட்காமல் போகிறது. கடைசியில் ஒருத்தி மரமாகவும் ஒருத்தி கல்லாகவும் உறைகிறார்கள்.

அதற்குள் ஜாய்ஸின் கண்களுக்குப் பல அறுவைச் சிகிச்சைகள் ஆகிவிட்டன. 1917இல் சூரிச்சில் முதலாவது, அவருக்கும் கிளகோமாதான். ஒக்டன் பக்கங்களை அரை அங்குல உயர எழுத்தில் பெருப்பித்துக் கொடுத்தார். ஆனால் கலையகத்தில் வெளிச்சம் மங்கல். அந்தப் பெரிய எழுத்தையும் ஜாய்ஸால் பார்க்க முடியவில்லை. ஆகவே ஒருவர் பக்கத்தில் நின்று, முழுப் பகுதியையும் காதோடு காதாக ரகசியக் குரலில் சொல்லிக் கொடுக்க, அவர் கேட்டுக் கேட்டுச் சொன்னார்.

இப்படி அடி எடுத்துக் கொடுக்கிற வேலையை நானும் கலையகத்தில் செய்திருக்கிறேன். மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்த ஒரு மூத்த கலைஞருக்காக. ஒரு சொல்லின் வால் முடிகிற இடத்தில் அடுத்த வரியைக் காதில் போடவேண்டும். முந்தினால் அவர் குரல் இடறும், பிந்தினால் இடைவெளி விழும். உங்கள் மூச்சு மைக்கில் ஏறக்கூடாது. ஒரு பக்கத்துக்கே எனக்கு வியர்த்துவிட்டது. ஜாய்ஸின் அந்தத் தட்டு எட்டரை நிமிடம் ஓடுகிறது. டப்ளின் சலவைக்காரியின் இழுவையும் சிணுங்கலும் ஒரு இடத்திலும் தளரவில்லை. கடைசியில் இருள் கவியும்போது குரல் தணிந்து தணிந்து நீர்மட்டத்துக்கு வந்துவிடுகிறது. அந்த ரகசியக் குரலைப் பிடிக்கலாமா என்று தலைபேசியை மாட்டிக்கொண்டு எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். இரண்டு பேர் இவ்வளவு இணக்கமாக மூச்சு விட்டதை வேறெந்தப் பதிவிலும் நான் கேட்டதில்லை.

வானொலி ஜாய்ஸிடம் வரப் பல காலம் எடுத்தது. டப்ளினில் 2ஆர்என் நிலையம் 1926 ஜனவரி 1இல் தொடங்கியது. பிபிசியோ 1931இல் ஹரோல்ட் நிக்கல்சன் நவீன இலக்கியம் பற்றிப் பேசவந்தபோது யுலிசிஸ் பற்றிப் பேசுவதைத் தடுத்தது. பிரித்தானியாவில் அந்த நாவல் அப்போது தடையில் இருந்தது. ஜாய்ஸ் 1941 ஜனவரி 13இல் சூரிச்சில் இறந்தார். அதன் பிறகுதான் டபிள்யூ. ஆர். றொஜர்ஸ் வருகிறார். வட அயர்லாந்தில் பிரெஸ்பிட்டேரியன் சபைப் போதகராக இருந்து, கவிஞராகி, பிபிசிக்கு வந்தவர். ஜாய்ஸைப் பற்றி அறிந்தவர்களைத் தேடிப்போய், நண்பர்களும் சகோதரிகளும் பழைய பகையாளிகளுமாக ஒவ்வொருவரையும் தனித்தனியே பேசவைத்துப் பதிந்தார். பிறகு அந்தப் பேச்சுகளைத் துண்டு துண்டாக எடுத்து, எல்லாரும் ஒரே மேசையைச் சுற்றியிருந்து ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்துக் கதைப்பது போலக் கோத்தார். 1950 பெப்ரவரியில் பிபிசியின் மூன்றாவது அலைவரிசையில் அது ஒலித்தது. நேரில் ஒருபோதும் ஒன்றாக உட்காராதவர்கள் காற்றில் ஒன்றுகூடினார்கள். இன்று எல்லாரும் செய்கிற ஒலிச்சித்திர முறைக்கு அந்த நிகழ்ச்சி ஒரு முன்னோடி. றொஜர்ஸின் பெயரை அந்தத் தொழிலில் இருக்கிற இளம் பிள்ளைகள் அறிந்திருக்கவேண்டும் என்று விரும்புகிறேன்.

ஜாய்ஸ் இறந்து சரியாகப் பதினாறு வருடம் கழித்து, 1957 ஜனவரி 13இல், அதே மூன்றாவது அலைவரிசையில் சாமுவேல் பெக்கெட்டின் ஆல் தட் ஃபோல் ஒலிபரப்பானது. ஜாய்ஸின் மங்கிய கண்களுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டியவர்களில் பெக்கெட்டும் ஒருவர். முந்தின வருடம் பிபிசி அவரிடம் ஒரு வானொலி நாடகம் கேட்டது. வண்டிச் சில்லும், இழுபடுகிற காலும், மேல்மூச்சும் கீழ்மூச்சுமாக ஒரு யோசனை நடுச்சாமத்தில் வந்தது என்று ஒரு தோழிக்கு எழுதினார். ஓசைதான் முதலில் வந்திருக்கிறது. மாடி ரூனி என்ற பருத்த, நோயாளிக் கிழவி, குருடான கணவரை அழைத்துவர ரெயில் நிலையத்துக்கு நடந்து போகிறாள். ரெயில் பிந்துகிறது. ஏன் பிந்தியது என்பதைக் கணவர் சொல்ல மறுக்கிறார். ஒரு குழந்தை தண்டவாளத்தில் விழுந்துவிட்டது என்பதை ஒரு சிறுவன் ஓடிவந்து சொல்கிறான். பிறகு புயல் காற்றும் மழையும் மட்டும். பெக்கெட் பிறந்த ஃபொக்ஸ்ரொக் ஊரின் ரெயில் நிலையம்தான் அவர் காதில் இருந்தது. ஹார்கோர்ட் வீதியிலிருந்து போன அந்தப் பாதையை 1958 டிசம்பர் 31இல் மூடிவிட்டார்கள். நாடகம் ஒலித்து இரண்டு வருடமும் ஆகவில்லை.

தயாரித்தவர் டொனல்ட் மக்வின்னி. ஒலிக்குப் பொறுப்பு டெஸ்மண்ட் பிரிஸ்கோ. தொடக்கத்தில் ஆடு, பறவை, பசு, சேவல் ஆகிய நான்கின் ஓசை ஒன்றன்பின் ஒன்றாக வரவேண்டும். மக்வின்னி உண்மையான விலங்குகளை எடுக்கவில்லை. நான்கு மனிதர்களைக் கத்தவைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று விழுகிற அந்தத் தாளத்திலிருந்துதான் கிழவியின் இழுபடுகிற நடை பிறக்கிறது. பெக்கெட்டுக்கு இது பிடிக்கவில்லை, உண்மையான ஆடு மாடு போதும் என்று நினைத்தார். பெக்கெட்டை நான் எவ்வளவு மதித்தாலும், இதில் மக்வின்னியின் பக்கம் நிற்கிறேன். உண்மையான பசு கத்தினால் அது ஒரு வயல். மனிதர் பசுவாகக் கத்தினால் அது அந்தக் கிழவியின் தலைக்குள் இருக்கிற வயல். இந்த நாடகத்துக்காகப் பட்ட பாட்டிலிருந்துதான் இப்படியான ஓசைகளுக்கென்றே ஒரு கூடம் வேண்டும் என்ற எண்ணம் பிபிசிக்குள் வலுத்தது. 1958இல் ரேடியோஃபோனிக் வேர்க்‌ஷொப் மெய்டா வேலில் திறந்தது. பிரிஸ்கோவும் டஃப்னி ஓரமும் அதைத் தொடக்கியவர்கள்.

இந்த நாடகத்தை மேடையில் போட லோரன்ஸ் ஒலிவியே நேரில் வந்து கேட்டும் பெக்கெட் சம்மதிக்கவில்லை. இருளிலிருந்து குரல்கள் வரவேண்டும் என்பதில் அவர் உறுதி. வானொலியில் பேசாமல் இருப்பவர் இல்லாமல் போய்விடுவார். மாடியும் ஓரிடத்தில், நான் பேசவில்லை என்பதற்காக நான் இங்கே இல்லை என்று நினைக்காதீர்கள் என்ற பொருள்படச் சொல்கிறாள். ஒரு வரி மட்டுமே உள்ள பாத்திரமாகக் கலையகத்தில் ஒரு மணித்தியாலம் நின்றவர்களுக்கு அந்தப் பேச்சு எங்கே தைக்கும் என்று தெரியும்.

அதில் சின்னப் பாத்திரமொன்றை நடித்தவர் பற்றிக் மகீ, ஆர்மா ஊர்க்காரர். 1957 டிசம்பரில் அவர் பெக்கெட்டின் மொலோய் நாவலிலிருந்து வானொலியில் வாசித்தார். பாரிஸில் இரைச்சலுக்கு நடுவே அதைக் கேட்ட பெக்கெட், உடைந்து கரகரத்த அந்தக் குரலுக்காகவே ஒரு தனிநபர் நாடகம் எழுதினார். கையெழுத்துப் பிரதியில் அதன் முதல் பெயரே மகீயின் பெயரைக் கொண்டது. அதுதான் க்ராப்ஸ் லாஸ்ட் டேப், 1958 ஒக்டோபரில் லண்டன் றோயல் கோர்ட்டில் மேடையேறியது. ஒரு கிழவர் தன் இளமைக் குரலை ஒலிநாடாவில் போட்டுப் போட்டுக் கேட்கிறார். அந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று பெக்கெட்டுக்கு அப்போது சரியாகத் தெரியாது. பயன்படுத்தும் கைநூலை அனுப்பும்படி மக்வின்னியிடம் கேட்டார். 1966இல் டப்ளின் கிளடா நிறுவனம் ஜாக் மக்கவ்ரன் பெக்கெட்டை வாசிக்கிற தட்டை வெளியிட்டது. அதில் ஹார்மோனியம் ஜோன் பெக்கெட், புல்லாங்குழல் எட்வர்ட் பெக்கெட். சேகண்டி அடித்தவர் சாமுவேல் பெக்கெட். ஒரு எழுத்தாளர் தன் வசனத்துக்குப் பக்கத்தில் நின்று, சரியான இடத்தில் ஒரு அடி மட்டும் அடித்துவிட்டு ஒதுங்குகிறார்.

நியூயோர்க்கில் இரண்டு இளம்பெண்கள் 1952இல் தொடங்கிய கேட்மன் நிறுவனமும் ஜாய்ஸை ஷிவோன் மக்கெனா, சிரில் கியூசக் குரல்களில் தட்டாக்கியது. அமெரிக்கக் கல்லூரிகளில் இரண்டு தலைமுறை அதைக் கேட்டே ஜாய்ஸை அறிந்தது.

இனி 1982. ஜாய்ஸின் நூற்றாண்டு. நாவலின் கதை நடக்கிற ஜூன் 16ஆம் நாள் காலை ஆறரைக்கு அயர்லாந்தின் ஆர்டிஈ வானொலி யுலிசிஸைத் தொடங்கியது. ஒரு சொல்லும் வெட்டாமல், இடையில் நிறுத்தாமல், 29 மணித்தியாலம் 45 நிமிடம். அடுத்த நாள் நண்பகல் தாண்டித்தான் முடிந்தது. நெறியாளர் வில்லியம் ஸ்டைல்ஸ். நடித்தவர்கள் 1947இலிருந்து நிலையத்துக்குள்ளேயே சம்பளத்துக்கு இருந்து நாடகம் செய்துவந்த வானொலி நடிகர் குழு. புளூம் ரொனி வோல்ஷ், மொலி பெக் மொனஹன், ஸ்டீபன் பற்றிக் டோசன், கதைசொல்லி கொனர் ஃபரிங்டன். தினமும் பண்ணை நாடகமும் பாடசாலை நாடகமும் செய்து பழகிய குரல்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெரிய நட்சத்திரங்களை அழைத்துவந்து செய்தது அல்ல. டப்ளின்காரர் ஒரு பகிடியை எந்த வேகத்தில் சொல்வார் என்பது அவர்களுக்கு நாக்கில் இருந்தது. 2012இல் பிபிசி ரேடியோ 4 அதே நாளில் ஒரு நாடக வடிவம் தந்தது. ஹென்றி குட்மன், நியாம் கியூசக், ஆண்ட்ரூ ஸ்கொட். நல்ல நடிப்பு. ஆனால் சுருக்கம். ஒரு நாளின் சலிப்பு அதில் இல்லை. சலிப்பும் அந்த நாவலின் ஒரு பாத்திரம்.

அந்த 1982 ஒலிபரப்பை 2020 ஜூன் 16இல், ஊரடங்குக்குள், ஆர்டிஈ முழுதாக மறுபடி போட்டது. அன்று நான் தனியே இருந்தேன். காலையிலிருந்து சமையலறையில் ஒலிப்பெட்டி. புளூம் சிறுநீரகம் வாட்டும்போது நான் பருப்புக்குத் தாளித்தேன். மத்தியானம் அவர் டேவி பேர்ன் கடையில் பாலாடைக்கட்டிச் சாண்ட்விச் சாப்பிட, நான் சோறு போட்டேன். பின்னேரம் கொஞ்சம் அயர்ந்து எழும்ப, கதை பாரில் சண்டையாகிவிட்டிருந்தது; எனக்கு ஒன்றும் தவறிவிட்டதாகப் படவில்லை. ஊரில் வானொலி ஓடிக்கொண்டிருக்க நாங்கள் வாழ்ந்ததும் அப்படித்தானே. மொலியின் கடைசி அத்தியாயத்துக்கு உட்கார்ந்து கேட்டேன். எட்டு நீண்ட வாக்கியம், காற்புள்ளியே இல்லை. அச்சில் அது ஒரு கறுப்புச் சுவர் என்று நினைவு. பெக் மொனஹன் மூச்சு எடுக்கிற இடங்கள்தான் அதன் நிறுத்தற்குறிகள். ரியோர்டன் வேறு இடத்தில் மூச்செடுக்கிறார். அங்கே மொலி கோபக்காரி, இங்கே களைத்தவள். புள்ளி வைக்காமல் விட்டுப் போன ஜாய்ஸ், அந்த இடங்களை இனி வரப்போகிற பெண்களின் நுரையீரலுக்கு விட்டுப் போயிருக்கிறார்.

2022இல் மருமகள் டப்ளினில் தாதியாக வேலைக்குச் சேர, அவளைப் பார்க்கப் போனேன். லிங்கன் பிளேஸில் ஸ்வெனி மருந்துக்கடை இருக்கிறது. நாவலில் புளூம் எலுமிச்சை சவர்க்காரம் வாங்குகிற கடை. 2009இல் மருந்து வியாபாரம் நின்ற பிறகு தொண்டர்கள் எடுத்து நடத்துகிறார்கள். பழைய போத்தல்களும் இழுப்பறைகளும் அப்படியே இருக்கின்றன. சவர்க்காரம் விற்கிறார்கள். முக்கியமாக, ஜாய்ஸை உரத்து வாசிக்கிறார்கள். சின்னக் கடைக்குள் நெருக்கமாகக் கதிரை போட்டு, ஆளுக்கொரு பக்கம்.

நான் போன அன்று டப்ளினர்ஸ் தொகுப்பிலிருந்து களிமண் என்ற கதை. சலவைக்கூடமொன்றில் வேலை செய்கிற மரியா என்ற சின்னப் பெண்மணி, பண்டிகை இரவில், தான் முன்பு பார்த்து வளர்த்த ஒருவரின் வீட்டுக்குப் போகிறாள். அங்கே பிள்ளைகள் அவள் கண்ணைக் கட்டி விளையாட்டுக் காட்டுகிறார்கள். பிறகு அவளைப் பாடச் சொல்கிறார்கள். புத்தகம் கை மாறி என்னிடம் வந்தபோது கதை அந்தப் பாட்டில் நின்றது. என் கண்ணுக்குப் பிடிபடாது, அடுத்தவரிடம் கொடுக்கிறேன் என்றேன். பக்கத்தில் இருந்த வயதான டப்ளின் பெண் புத்தகத்தை என் மடியிலேயே விட்டுவிட்டு, குனிந்து என் காதில் முதல் சொற்களைச் சொன்னாள். நான் உரத்துச் சொன்னேன். அவள் சொல்ல, நான் சொல்ல, அந்தப் பக்கம் நகர்ந்தது. மரியா பாட்டின் இரண்டாவது சரணத்துக்குப் போகாமல் முதல் சரணத்தையே மறுபடி பாடிவிடுகிற இடம் வந்தது. கதையில் ஒருவரும் அவளுக்குப் பிழை சொல்லவில்லை. அந்த வாக்கியத்தை நானும் தடுமாறி இரண்டு தரம் வாசித்துவிட்டேன். சவர்க்கார வாசனை. யாரோ கதிரையை நகர்த்திய சத்தம். புத்தகத்தை இடப்பக்கம் இருந்த பெடியனிடம் கொடுத்தேன், அவன் அடுத்த வரியிலிருந்து தொடர்ந்தான்.